ஹேமக்கில் குளிராமல், நனையாமல் தூங்க: முதல்முறை மலைக்குப் போகிறவர்களுக்கு

முதல்முறை மலையில் ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தொங்குபடுக்கை) கட்டித் தூங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மேலே எதைப் போர்த்திக்கொள்வது என்றுதான் யோசிப்பார்கள். தடிமனான ஸ்லீப்பிங் பேக், அதற்கு மேல் ஒரு கம்பளி, தலைக்குக் குல்லா. இத்தனை இருந்தும் நள்ளிரவு தாண்டியதும் முதுகும் பிட்டமும் விறைத்துப்போய் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஹேமக்கில் குளிர் கீழேயிருந்து வருகிறது. முதலில் இதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது, எதைக் கட்டுவது, எதை விட்டுவிடலாம் என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

ஸ்லீப்பிங் பேக் தானாக எந்தச் சூட்டையும் உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் பஞ்சு உப்பலாக நின்று காற்றைப் பிடித்துவைக்கிறது. அந்த அசையாத காற்று உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. நாம் படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு அப்படியே நசுங்கிவிடும். அங்கே காற்றும் இல்லை, காப்பும் இல்லை. கூடாரத்தில் அடியில் தரை இருக்கிறது, காற்று வீசாது. ஹேமக்கிலோ ஒரு மெல்லிய நைலான் துணிக்குக் கீழே இரவு முழுக்கக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். சுமார் 20 டிகிரிக்குக் கீழே போனாலே பலருக்கு முதுகு குளிர ஆரம்பித்துவிடும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வருடத்தில் பாதி இரவுகளுக்கு மேல் அந்த அளவுக்கு இறங்கிவிடும்.

எவ்வளவு குளிரும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் இரவு 22 டிகிரி என்றால், அதைவிட 2000 மீட்டர் உயரத்தில் 9 டிகிரிக்குத் தயாராகப் போக வேண்டும். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1500 மீட்டரிலும் இருக்கின்றன. நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனியே விழும்.

உயரத்தைப் போலவே இடத்தின் அமைப்பும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டிப் பக்கம் உறைபனி முதலில் வெளுப்பது தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில்தான். அதனால் ஓடைக்கரையிலோ பள்ளத்தின் அடியிலோ கட்ட வேண்டாம். மலையுச்சியும் வேண்டாம், அங்கே காற்று அடித்துத் தள்ளும், இடி அபாயமும் உண்டு. சரிவின் நடுப்பகுதியில், காற்றை மறைக்கும் மரங்களோ புதரோ இருக்கும் இடம்தான் சரியான இடம்.

எங்கே கட்டலாம், எந்த மரத்தில் கட்டலாம்

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போய்த் தங்குவது சட்டப்படி குற்றம். தமிழ்நாடு வனத்துறை திறந்துவிட்டிருக்கும் மலையேற்றப் பாதைகளில் நடக்கலாம் என்பதற்காக அங்கே இரவு தங்கலாம் என்று அர்த்தமில்லை. தாண்டிக்குடி, ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் அனுமதி கேட்டுத் தங்குவதுதான் புதியவர்களுக்கு நல்லது. தோட்டக்காரரிடமோ அங்கே வேலை செய்கிறவர்களிடமோ, யானையும் காட்டுமாடும் எந்த வழியாக வரும் என்று கேட்டுவிட்டு, அந்தத் தடத்தை விட்டு நன்றாகத் தள்ளிக் கட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் கட்டாதீர்கள்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்குகிறதா, பட்டுப்போன மரம் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டங்களில் நிழலுக்கு வைக்கும் சில்வர் ஓக் மரத்தின் கிளைகள் காற்றில் பட்டென்று முறியக்கூடியவை. யூகலிப்டஸும் அப்படித்தான், காற்றே இல்லாதபோதும் கிளையை உதிர்க்கும். பலா மாதிரி உறுதியான, உயிருள்ள, தொடையளவுக்குக் குறையாத மரமாகப் பாருங்கள். இரண்டு மரங்களுக்கும் இடையே 12 முதல் 15 அடி இருந்தால் வசதி. மெல்லிய கயிற்றால் கட்டினால் மரப்பட்டை அறுபடும். ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள நாடாப் பட்டையால் கட்டுங்கள். சோலைக்காட்டு மரங்களில் பாசி படர்ந்திருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள்.

தார்ப்பாய்தான் முதலில்

மழை இல்லாவிட்டாலும் இந்த வரிசையைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்: போய்ச் சேர்ந்ததும் தார்ப்பாய், அதற்கடியில் ஹேமக், அதற்கடியில் அண்டர்குவில்ட் (ஹேமக்கின் அடியில் தொங்கும் பஞ்சுப் போர்வை), கடைசியாக மேலே போர்த்தும் போர்வை. மலையில் மழை சொல்லிக்கொண்டு வராது. தார்ப்பாயைப் பையின் மேல்பகுதியிலோ வெளிப்பாக்கெட்டிலோ வையுங்கள். பைக்குள் அடியில் இருந்தால் அதை எடுக்கிற நேரத்தில் மீதியெல்லாம் நனைந்துவிடும்.

12×10 அடித் தார்ப்பாய் போதும். மெல்லிய, சிலிகான் பூசிய தார்ப்பாய்கள் எடை குறைவு. ஆனால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நீலத் தார்ப்பாயும் வேலை செய்யும். முதல் இரண்டு மூன்று முறைக்கு அதுவே போதும் என்பேன். மிச்சமாகும் பணத்தை முதுகுக் காப்புக்குச் செலவழியுங்கள்.

இரண்டு மரங்களுக்கும் இடையே ஒரு கயிற்றை இறுக்கமாகக் கட்டி, அதன்மேல் தார்ப்பாயை நீளவாக்கில் போட்டு இரண்டு முனையையும் இழுத்துக் கட்டுங்கள். ஹேமக்கின் இரு முனைகளையும் தாண்டி குறைந்தது அரை அடி தார்ப்பாய் நீண்டிருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக்குத் தார்ப்பாயின் நீளமான பக்கவாட்டைக் காட்டுங்கள். திறந்த முனை காற்றைப் பார்த்து இருந்தால் சாரல் நேராகத் தலைமாட்டுக்கு வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பொதுவாகத் தென்மேற்கிலிருந்தும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்தும் வரும். ஆனால் மலை மடிப்புகளுக்குள் காற்று திசைமாறி வீசும், ஆகவே ஒரு கைப்பிடிக் காய்ந்த புல்லை உதிர்த்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

மழை வரும்போல் இருந்தால் தார்ப்பாயைத் தாழ்வாகக் கட்டுங்கள். ஹேமக்கில் படுத்துக் கையை நீட்டினால் துணி எட்ட வேண்டும். காற்று வரும் பக்க விளிம்பைக் கிட்டத்தட்டத் தரைவரை இறக்கிவிடுங்கள். மறுபக்கத்தைக் கொஞ்சம் தூக்கியே வையுங்கள். முழுக்க மூடினால் மூச்சுக்காற்றின் ஈரம் தார்ப்பாயின் உள்பக்கம் படிந்து சொட்ட ஆரம்பிக்கும். மூடுபனி அடர்ந்த கொடைக்கானல் இரவுகளில் இது அதிகம்.

நைலான் தார்ப்பாய் நனைந்தால் தளரும். அதனால் பக்கக் கயிறுகள் ஒவ்வொன்றிலும் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு ரப்பர்த் துண்டைச் சேர்த்துக் கட்டுங்கள். துணி தளர்ந்தாலும் ரப்பர் இழுத்துப் பிடிக்கும். முடிச்சுகளை உருவாஞ்சுருக்காகப் போடுங்கள். விரல் விறைத்த காலை நேரத்தில் ஒரு முனையை இழுத்தால் அவிழும் முடிச்சின் அருமை புரியும்.

கயிறு வழியாக வரும் தண்ணீர்

தார்ப்பாய் சரியாக இருந்தும் ஹேமக் நனைகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். மழைநீர் மரத்தின் தண்டில் வழிந்து இறங்கும். அங்கே சுற்றியிருக்கும் நாடாப் பட்டையை நனைக்கும். பட்டையிலிருந்து, அதையும் ஹேமக்கையும் இணைக்கும் தொங்குகயிற்றுக்கு வரும். கயிறு ஹேமக்கை நோக்கிக் கீழ்ச்சரிவாகத்தான் இருக்கிறது, ஆகவே தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே நேராகத் துணிக்கு வந்து சேரும். மழையில் தொங்குகயிற்றின் அடிப்பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். மேலே உலர்ந்த மாதிரி தெரிந்தாலும், அடியில் சின்னச் சின்னத் துளிகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருக்கும். விரலைத் தொட்டதும் வழி மாறி விரல்நுனியிலிருந்து சொட்டும்.

அந்த விரல் செய்த வேலையை ஒரு துண்டுக் கயிறு செய்யும். பழைய பருத்தி ஷூ லேஸ் எடுத்து, தொங்குகயிற்றில், தார்ப்பாயின் நிழலுக்குள் வரும் இடத்தில், ஹேமக் துணி ஆரம்பிப்பதற்கு ஒரு சாண் முன்னால் இறுக்கக் கட்டி, நுனியைக் கீழே தொங்கவிடுங்கள். தண்ணீர் அதன் வழியே இறங்கித் தரையில் விழுந்துவிடும். இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். அண்டர்குவில்ட்டின் கயிறு தனியாக ஓடினால் அதிலும் ஒன்று கட்டுங்கள். இதைக் கட்டாமல் எவ்வளவு விலைகொடுத்துத் தார்ப்பாய் வாங்கினாலும் பயனில்லை.

ஹேமக்கைத் தொங்கவிடும் விதம்

இறுக்கிக் கட்டினால்தான் சமமாகப் படுக்கலாம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. இறுக்கிக் கட்டினால் இரண்டு விளிம்பும் தோளை நெருக்கும், புரண்டால் கவிழ்க்கும். தொங்குகயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி இறங்கியிருக்க வேண்டும். ஆட்காட்டி விரலைத் தரைமட்டமாக நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்துங்கள். இரண்டு நுனிகளையும் இணைக்கும் கோட்டின் சரிவு ஏறத்தாழ அந்த அளவுதான். இப்படிக் கட்டும்போது 70 கிலோ ஆள் படுத்தால் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 70 கிலோ இழுப்பு இருக்கும். அதையே 15 டிகிரிக்கு இறுக்கினால் 135 கிலோ ஆகிவிடும். பட்டைக்கும் மரத்துக்கும் தேவையில்லாத பாரம்.

ஒவ்வொரு முறையும் ஒரே தொய்வு கிடைக்க, ஹேமக்கின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு நிரந்தர நடுக்கயிறு கட்டிவைக்கலாம். துணி நீளத்தில் 83 சதவீதம் என்பது எல்லாரும் ஆரம்பிக்கும் அளவு: 10 அடி ஹேமக்குக்கு 8 அடி 4 அங்குலம். டார்ச், கண்ணாடி, குல்லா எல்லாம் அதில் தொங்கவிடலாம்.

தூளியில் கிடக்கும் குழந்தை மாதிரி நேர்கோட்டில் படுத்தால் உடம்பு வில்லாக வளையும். தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் ஒரு முழம் தள்ளிக் கோணலாகப் படுங்கள், முதுகு கிட்டத்தட்டச் சமமாகிவிடும். நீங்கள் ஏறி உட்காரும்போது ஹேமக் நாற்காலி உயரத்தில், சுமார் ஒன்றரை அடியில் இருக்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் தரையில் விழும் மழை தெறித்து அடிப்பகுதியை நனைக்கும்.

முதுகுக் காப்பு

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஃபோம் பாய், இன்னொன்று அண்டர்குவில்ட்.

காற்றை உள்ளேயே அடைத்துவைத்திருக்கும் ஃபோம் பாய் உடம்பு பாரத்தில் நசுங்காது, ஈரமும் குடிக்காது, விலையும் குறைவு. 10 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் ஏற்காடு, கொல்லிமலைக் குளிருக்குச் சமாளிக்கலாம். வீட்டில் இருக்கும் யோகா மேட்டையும் எடுத்துப்போகலாம், கனம்தான் கொஞ்சம் அதிகம். பாயின் குறை என்னவென்றால் அது இரண்டடிதான் அகலம். ஹேமக் தோளைச் சுற்றி மேலே வளைவதால் தோள்பட்டை இரண்டும் வெளியே நின்று குளிரும். தோள் பக்கத்தில் இன்னொரு துண்டைக் குறுக்காகப் போட்டால் இது தீரும். இரவில் பாய் வழுக்கி நகரும் தொல்லையும் உண்டு. இரட்டைத் துணி ஹேமக் என்றால் இரண்டு துணிக்கும் நடுவே பாயைச் செருகிவிடலாம். காற்றடைத்த பாய் வைத்திருக்கிறவர்கள் பாதிக் காற்றோடு வையுங்கள், அப்போதுதான் ஹேமக்கின் வளைவுக்கு இணங்கும்.

அண்டர்குவில்ட் என்பது ஹேமக்கின் வெளியே, அடிப்பக்கமாகத் தொங்கும் பஞ்சுப் போர்வை. நம் பாரம் அதன்மேல் விழாததால் பஞ்சு உப்பலாகவே இருக்கும். கொடைக்கானல், நீலகிரிக்கு அடிக்கடி போகப்போகிறீர்கள் என்றால் இதுதான் நல்லது. உள்ளூர்க் கடைகளில் கிடைப்பது அரிது, ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும். வாத்துத் தூவி நிரப்பியது எடை குறைவு, ஆனால் ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். நம் மலைகளின் மழைக்கும் மூடுபனிக்கும் பாலியஸ்டர் பஞ்சே எனக்கு நம்பிக்கையானது.

வாங்க வசதி இல்லையென்றால் தைத்துக்கொள்ளலாம். ஒற்றை ஆளுக்கான பாலியஸ்டர் குவில்ட் ஒன்றை எடுத்து, நான்கு விளிம்புகளையும் ஓர் அங்குலம் மடித்துத் தையற்கடையில் நாடா கோக்கும் அளவுக்குக் குழல் மாதிரி அடிக்கச் சொல்லுங்கள். நீளமான இரண்டு பக்கக் குழலிலும் மெல்லிய கயிற்றைக் கோத்து ஹேமக்கின் இரு முனைகளிலும் கட்டுங்கள். குறுகலான இரண்டு பக்கத்திலும் எலாஸ்டிக் கயிறு கோத்துச் சுருக்குங்கள். காற்று உள்ளே புகாமல் இருக்க வெளிப்பக்கம் ஒரு மெல்லிய நைலான் துணியைச் சேர்த்துத் தைத்தால் இன்னும் நல்லது.

இதில் எல்லாமே தொங்கவிடும் இறுக்கத்தில்தான் இருக்கிறது. தளர்ந்திருந்தால் ஹேமக்குக்கும் குவில்ட்டுக்கும் இடையே இடைவெளி விழுந்து, அதற்குள் குளிர்காற்று ஓடும். மிகவும் இறுக்கினால் பஞ்சு நசுங்கிப்போகும். ஹேமக்கில் படுத்துக்கொண்டு நண்பரை விட்டு, குவில்ட்டுக்கும் ஹேமக் துணிக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புறங்கையில் ஹேமக் துணியும் உள்ளங்கையில் பஞ்சும் ஒரே நேரத்தில் மெதுவாகத் தொட வேண்டும், கை பிதுங்கவும் கூடாது. இடுப்புக்கு அடியிலும் தோளுக்கு அடியிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பிறகு தலைப்பக்கமும் கால்பக்கமும் உள்ள எலாஸ்டிக்கைச் சுருக்கி வாயை மூடுங்கள். அங்கே விரலளவு திறந்திருந்தாலும் இரவு முழுக்கச் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும்.

மேலே போர்த்திக்கொள்ள ஸ்லீப்பிங் பேக் போதும். அதற்குள் புகுந்து ஜிப் போட ஹேமக்கில் பெரும்பாடு. ஜிப்பைத் திறந்து விரித்து, கால்பகுதியை மட்டும் மூடியபடி போர்வையாகப் போர்த்துங்கள்.

படுக்கும் முன்

நடந்து வந்த உடையோடு படுக்காதீர்கள். வியர்வை ஈரம் இரவில் உடம்புச் சூட்டை உறிஞ்சும். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உலர்ந்த உடை, கம்பளிக் காலுறை, மங்கி குல்லா எல்லாவற்றையும் இரட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்து, ஹேமக்கில் ஏறும் முன் மட்டும் எடுங்கள். பருத்திச் சட்டை, லுங்கி, பெட்ஷீட் எல்லாம் நனைந்தால் காயவே காயாது.

சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். தூங்கும் முன் கடலைமிட்டாய் ஒன்றிரண்டு சாப்பிடுவது உடம்புக்கு நல்ல எரிபொருள். படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், விடியற்காலை மூன்று மணிக்குச் சூடான இடத்தை விட்டு இறங்கத் தேவையிருக்காது. ஒரு ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, கவிழ்த்துச் சரிபார்த்து, தடித்த காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். பல மணி நேரம் கதகதப்பாக இருக்கும். வெற்றிட பிளாஸ்க் இதற்கு உதவாது, அதன் சூடு வெளியே வராது. முகத்தைப் போர்வைக்குள் புதைக்காமல் மூக்கை வெளியே வையுங்கள். மூச்சின் ஈரம் பஞ்சை நனைக்கும்.

குளிருக்காக ஹேமக்குப் பக்கத்தில் தீ மூட்டவே வேண்டாம். ஒரு பொறி பட்டால் நைலான் உருகி ஓட்டை விழும். அதைவிட, காய்ந்த மலையில் தீ எப்படிப் பரவும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணியில் பார்த்தோம். வெந்நீர் வைக்கிற அடுப்பையும் தார்ப்பாய்க்கு வெளியே, சருகு இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடு இரவில் குளிரினால்

படுத்தபடியே சகித்துக்கொண்டு கிடக்காதீர்கள். எந்த இடம் குளிர்கிறது என்று கவனியுங்கள். முதுகின் ஒரு பகுதி மட்டும் என்றால் அங்கே அண்டர்குவில்ட் விலகியிருக்கிறது, அல்லது பாய் நகர்ந்திருக்கிறது. கையால் தடவிச் சரிசெய்யுங்கள். முழு முதுகும் குளிர்ந்தால், பையில் இருக்கும் ஜாக்கெட், மாற்றுடை, காலிப் பை என எல்லாவற்றையும் அடியில் பரப்புங்கள். மேலே இன்னொன்று போர்த்துவதைவிட அது அதிகம் உதவும். ஏதாவது இனிப்பாகச் சாப்பிடுங்கள், வெந்நீரை மறுபடி நிரப்புங்கள்.

நடுக்கம் நிற்கவே இல்லை, பேச்சு குளறுகிறது, முடிச்சை அவிழ்க்கக்கூட விரல் ஒத்துழைக்கவில்லை என்றால் அது ஆபத்தான குளிர். உடனே கூட வந்தவர்களை எழுப்பி, ஈர உடையை மாற்றி, தோட்டத்து வீட்டுக்கோ காருக்கோ போய்விடுங்கள். அதனால்தான் முதல் சில முறையாவது கூரையுள்ள ஓர் இடம் ஐந்து நிமிட நடையில் இருக்கும்படி பார்த்துக் கட்டச் சொல்கிறேன். தனியாகவும் போக வேண்டாம்.

வீட்டிலேயே ஒத்திகை

சமவெளியில் இருந்துகொண்டே இதையெல்லாம் சோதிக்கலாம். மொட்டைமாடியிலோ தோப்பிலோ ஹேமக்கைக் கட்டி, அடியில் ஒரு டேபிள் ஃபேனை வேகமாக ஓடவிட்டுப் படுங்கள். முதுகில் எந்த இடத்தில் காற்று உறைக்கிறதோ அங்கேதான் மலையிலும் குளிரும். அப்புறம் தார்ப்பாயைக் கட்டி, மரத்தில் சுற்றிய நாடாப் பட்டையின்மேல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, ஷூ லேஸில் சொட்டுகிறதா, ஹேமக் துணிக்குப் போகிறதா என்று பாருங்கள். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் ஒருமுறை முழுவதும் கட்டி அவிழ்த்துப் பழகுங்கள்.

கிளம்பும்போது

காலையில் வரிசை தலைகீழ்: போர்வை, அண்டர்குவில்ட், ஹேமக் மூன்றையும் தார்ப்பாய்க்கு அடியிலேயே மடித்துப் பையில் வைத்த பிறகு, கடைசியாகத் தார்ப்பாயை அவிழ்த்து உதறித் தனிப் பையில் போடுங்கள். ஈரத் தார்ப்பாய் மற்றவற்றோடு சேரக் கூடாது. மழைக்காலம் என்றால் பட்டைகளையும் கயிறுகளையும் ஒருமுறை உதறி, அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே எல்லாவற்றையும் விரித்து நிழலில் நன்றாகக் காயவையுங்கள். பஞ்சுக்குள் கொஞ்சம் ஈரம் தங்கினாலும் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்த பிறகு ஸ்லீப்பிங் பேக்கையும் அண்டர்குவில்ட்டையும் அழுத்திச் சுருட்டி வைக்காமல், ஒரு பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். அழுந்திக் கிடக்கும் பஞ்சு நாளடைவில் உப்பலை இழந்துவிடும், அடுத்த முறை அதே குவில்ட் பாதிதான் காக்கும்.